2015-ல இங்க தண்ணி வந்துச்சா?

சென்னையின் மேற்கே ஐயப்பன்தாங்கல், பரணிபுத்தூர், காட்டுப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்பது ஒன்று, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்பது வேறொன்று. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் எத்தனை மாதம், போர் தண்ணியா லாரி தண்ணியா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று விசாரிப்பார்கள். வெளியே வந்ததும் இஸ்திரி வண்டியருகில் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, 2015-ல இங்க தண்ணி வந்துச்சா?” அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கேட்டைக் கையால் காட்டுவார்: “அந்த ரெண்டாவது கம்பி வரைக்கும்.”

இந்தத் தெருவில் வெள்ளம் எந்த உயரத்துக்கு நின்றது என்பதற்குக் கிடைக்கும் ஆவணம் பெரும்பாலும் இவ்வளவுதான். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. சொல்கிறவருக்குச் சொந்த வீடும் இருக்காது. அவர் ஊர் மாறிப் போனால் அந்த ஆவணமும் கூடவே போய்விடும்.

ஓர் ஊர் எதை, எத்தனை காலம் நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. பிரெஞ்சு சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-ல் எழுதிய புத்தகத்தில் அதைத் தொடங்கிவைத்தார். நினைவு என்பது தனி மனிதரின் மண்டைக்குள் மட்டும் இருக்கும் சரக்கு அல்ல. குடும்பம், கோயில், தொழில், தெரு என்று நாம் சேர்ந்து வாழும் கூட்டங்கள்தாம் நம்மை நினைவுகூர வைக்கின்றன, கூட்டம் கலைந்தால் நினைவும் கலையும் என்றார். யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் அடைத்து வைத்த புகென்வால்ட் முகாமில் 1945-ல் அவர் இறந்துபோனார்.

அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். கிறிஸ்டியான் காண்டியா, சீசர் ஹிடால்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் பாடல்கள், புகழ்பெற்ற மனிதர்கள், ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றின் மீது மக்களுக்கு இருக்கும் கவனம் காலப்போக்கில் எப்படிக் குறைகிறது என்று அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். மறதி ஒரே சீராக நடப்பதில்லை, இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் வாய்ப்பேச்சில் வாழும் நினைவு. சூடாக இருக்கும், சீக்கிரம் ஆறிப்போகும்; அதன் ஆயுள் சுமார் 5 ஆண்டிலிருந்து 30 ஆண்டு வரை. இரண்டாவது, எழுத்திலும் கல்லிலும் படத்திலும் பதிந்த நினைவு. அது மெல்லியது, ஆனால் நெடுங்காலம் நிற்கும். பேச்சு ஓய்வதற்குள் பதிவாகாதது போய்விடுகிறது.

வெள்ளத்துக்கே இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. செக் நாட்டு ஆய்வாளர்கள், பிராக் நகர் வழியே ஓடும் வல்டாவா ஆற்றுப் படுகையில் சுமார் 900 ஆண்டுகளில் உருவான 1,293 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஏழு பெருவெள்ளங்கள் வந்திருந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் புதிதாகக் குடியேறியவர்கள் ஆற்றை விட்டு விலகி மேட்டில் ஊர் அமைத்தார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் அடுத்து வந்தவர்கள் மறுபடி கீழே இறங்கினார்கள். ஏழு முறையும் இதே கதை. இத்தனைக்கும் அந்த நாட்டில் வெள்ளத்தை எழுதிவைக்காமல் இல்லை. பிராகில் பழைய பாலத்தின் அருகே கல்லில் செதுக்கிய தாடிக்காரர் முகம் ஒன்று இருக்கிறது. ஆற்று நீர் அந்த முகத்தில் எதுவரை ஏறியது என்பதை வைத்து மக்கள் வெள்ளத்தை அளந்தார்கள். எழுத்து இருந்தும் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான் பயம் இருந்தது.

விதிவிலக்கும் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்றொரு தீவு. 1907-ல் கடல் பொங்கி அங்கே பெரும் சாவு நிகழ்ந்தது. தப்பியவர்கள் அந்த அலைக்கு ‘ஸ்மாங்’ என்று பெயர் வைத்து, நிலம் வலுவாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 97 ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். அந்தச் சில நிமிடங்களில் வானொலியோ சைரனோ அவர்களுக்கு உதவவில்லை; தாலாட்டு உதவியது. முப்பது ஆண்டில் ஆறிப்போக வேண்டிய வாய்ப்பேச்சு நூறாண்டைத் தொட்டதற்கு, அதைப் பாட யாருடைய அனுமதியும் தேவைப்படாமல் இருந்ததும், அந்தக் குடும்பங்கள் அங்கேயே இருந்ததும் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் எங்கள் பக்கம் அடிபடுகிறது. அடையாறு 1976-லும் 1985-லும் 2005-லும் பொங்கியிருக்கிறது. 2015-ல் யாரும் கேள்விப்படாத வெள்ளம் என்று பேசினோமே, கேள்விப்பட்டவர்கள் இருந்தார்கள்; அவர்கள் நமக்குப் பக்கத்து வீட்டில் இல்லை, அவ்வளவுதான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் இரு பக்கமும் நஞ்சையாகவும் கழனியாகவும் இருந்த இடத்தில் போரூர் மேம்பாலமும் ஐ.டி. வளாகங்களும் இப்போது மெட்ரோ தூண்களும் வந்துவிட்டன. ஐயப்பன்தாங்கல் பணிமனையில் இறங்கி வீடு பார்க்கிறவர் விழுப்புரத்திலிருந்தோ விஜயவாடாவிலிருந்தோ வந்திருப்பார். இங்கே நினைவு அழிவதற்கு ஒரு தலைமுறை சாக வேண்டியதில்லை, ஆள் மாறினாலே போதும். வல்டாவாக்காரர்களுக்கு இருபத்தைந்து ஆண்டு பிடித்தது. வாடகை ஒப்பந்தமோ இங்கே பதினொரு மாதத்தில் முடிகிறது.

2015 டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. நவம்பர் மழையில் செம்பரம்பாக்கம் ஏரி ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பிக் கிடந்தது. அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்று மாலை 5 கண் மதகும் 19 கண் மதகும் திறந்து வெளியேற்றிய நீர் வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். 29,000 கன அடியென்றால் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். எங்கள் தெருக்களில் கோடையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடியும் 68 லாரி. இரவு முழுக்க.

அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போனது. ஐயப்பன்தாங்கல் ஆற்றங்கரையில் இல்லை, போரூர் ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. ஆனால் போரூர் ஏரியின் உபரி நீரும் மணப்பாக்கம் பக்கம் போய் அதே அடையாற்றில்தான் விழ வேண்டும். ஆறு விளிம்பு வரை ஓடும்போது கால்வாய் நீருக்குப் போக வழியில்லை. அது பின்வாங்கித் தெருவுக்குத் திரும்பும். ஆற்றிலிருந்து தள்ளியிருந்த வீடுகளிலும் தண்ணீர் புகுந்ததற்கு இது ஒரு காரணம். 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, ஏரி நீரை நிர்வகித்த விதத்தைக் குறை சொல்லி, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்ற வகையில் சேர்த்தது.

அன்று எச்சரிக்கை போகவில்லையா என்றால், போனது. தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது: தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இந்த வாக்கியத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறோம். தாழ்வான பகுதி எது? அதை வரைபடம் வைத்திருப்பவர் அறிவார், அல்லது முன்பு மூழ்கியவர் அறிவார். மூன்று மாதத்துக்கு முன் குடிவந்தவர் அறியமாட்டார். 29,000 கன அடி என்றால் என் வீட்டு வாசலில் எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

எச்சரிக்கையை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டி போன்றோர் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. எச்சரிக்கை காதில் விழுந்த உடனே மக்கள் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டைக் கேட்பார்கள், தங்கைக்கு போன் போடுவார்கள், மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்பார்கள். இது முட்டாள்தனமில்லை, கேட்டதை உறுதிப்படுத்திக்கொள்ளும் இயல்பு. நல்ல எச்சரிக்கை இந்த விசாரிப்பு நேரத்தைக் குறைக்கும்: யார், எங்கே, எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்த குரல் ஒன்று பலமுறை சொல்லும்.

இரவில் மின்சாரம் போயிற்று. பிறகு செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878-லிருந்து வந்துகொண்டிருந்த ‘தி இந்து’வின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. பேட்டரி மிச்சமிருந்தவர்கள் ட்விட்டரில் படகு கேட்டார்கள், சோறு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞர் திறந்த இணைய வரைபடத்தில் ஒரு வசதி செய்து தர, மூழ்கிய தெருக்களை மக்களே தொட்டுக் குறித்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட சாலைகள் சேர்ந்தன. மேகம் மூடிய வானத்திலிருந்து செயற்கைக்கோள் காணாததைத் தெருவில் நின்றவர் கண்டார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெகிழ்ச்சி வரும், வரட்டும். ஆனால் ஒரு தெரு அந்த வரைபடத்தில் இடம்பெற வேண்டுமென்றால் அங்கே ஒருவரிடம் ஸ்மார்ட்போனும் சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும். குறிக்கப்படாத தெரு காய்ந்த தெரு என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்தது தற்செயலா என்ன? தண்ணீர் முதலில் எங்கே போனதோ அங்கிருந்துதான் செய்தி கடைசியாக வந்தது.

வெள்ளம் வடிந்த பின் எழுந்த பேச்சிலும் இதைக் காணலாம். சென்னை ஏன் மூழ்கியது என்ற கேள்விக்குத் திரையில் அடிக்கடி காட்டிய படம் ஆற்றோரக் குடிசை. ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசைக்குப் பொருந்திய வேகத்தில் ஏரிக்குள்ளும் கரையிலும் எழுந்த காங்கிரீட் வளாகங்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆண்டுகளில் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய வெளிமாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்களின் கதையோ ஆண்டு நினைவுக் கட்டுரைகளில் ஒரு வரி பெறும், பெறாமலும் போகும்.

ஐயப்பன்தாங்கலுக்கு அடுத்திருக்கும் மௌலிவாக்கத்தில் இதைவிடத் துலக்கமான ஓர் உதாரணம் உண்டு. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். நேரம் தள்ளித் தள்ளிப் போய், இருட்டிய பிறகு சில வினாடிகளில் அது உட்கார்ந்ததைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. இன்று எங்கள் பக்கம் மௌலிவாக்கம் என்றால் பலருக்கும் மனத்தில் ஓடுவது அந்த வீடியோ. உயிர்ச் சேதமில்லாத இடிப்புக்குக் காட்சி இருந்தது. 61 சாவுக்கு இங்கே உறவினர் இல்லை. அவர்களை நினைப்பவர்கள் ஸ்ரீகாகுளத்தில் இருக்கிறார்கள். கூட்டம் கலைந்தால் நினைவு கலையும் என்று ஹால்ப்வாக்ஸ் சொன்னதைப் போரூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செல்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்பு ஏரிக்கு ஓர் ஊழியர் இருந்தார். நீர்க்கட்டி என்பார்கள், தெற்கே மடைக்குடும்பன். மடையைத் திறப்பது மூடுவது, கரையில் எலிவளை பார்ப்பது, கலங்கலில் எவ்வளவு வழிகிறது என்று கவனிப்பது, எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுவது எல்லாம் அவர் வேலை. கூலி நெல்லாக வரும். பல ஊர்களில் இந்தப் பொறுப்பு தலித் குடும்பங்களிடம் இருந்தது; அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் ஒரு துண்டு நிலமும் இருக்காது. தண்ணீர் எந்த வாக்கில் ஓடும் என்ற அறிவு முழுக்க ஒருவர் தலையில், அந்தத் தண்ணீரால் விளைந்தது வேறொருவர் வீட்டில். கழனி மனையானபோது நீர்க்கட்டிக்கு வேலை போயிற்று. அவர் அறிவை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. நீர்வளத் துறை ஏட்டில் ஏரியின் கொள்ளளவு இருக்கும். மேற்கு மூலையில் முதலில் எந்தத் தெருவில் ஏறும் என்பது இருக்காது.

அவரோடு சேர்ந்தது தண்டோரா. அதன் வீச்சு அபாரமானது: படிப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒவ்வொரு சந்திலும் நின்று சொல்லும். ஆனால் அதைச் சுமந்தது ஒரு சாதி. பறையறைந்து ஊர் முழுக்கக் கூவியவருக்கு அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் சொந்தமில்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு தண்டோரா முறைக்கு முடிவுகட்டச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார். மிகத் தாமதமாக வந்த நியாயம். ஒன்றை மட்டும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்: வேனும் ஆட்டோவும் நுழையாத சந்துகள் இருக்கின்றன, அவை மேட்டுத் தெருக்களில் இல்லை.

இழிவு இல்லாமல் அதே வீச்சைப் பெற முடியுமா? முடியும் என்று காட்டிய ஊர் புதுச்சேரி அருகே உள்ள மீனவர் கிராமமான நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து அந்தப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களை நடத்தி வந்தது. சாதி வேறுபாடில்லாமல் எல்லாரும் நுழையக்கூடிய கட்டடம் தர வேண்டும் என்பது மையம் அமைக்க ஒரு நிபந்தனை. அலை உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் தினமும் மீனவர்களுக்குச் சொல்வது வழக்கமானது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்கே செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டார் மையத்துக்கு ஓடினார்கள், ஒலிபெருக்கி கத்தியது. வீடுகளும் படகுகளும் போயின. 3,600-க்கு மேற்பட்ட மக்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. போனும் ஒலிபெருக்கியும் பல ஊர்களில் இருந்திருக்கும். அந்தக் குரலைத் தினமும் கேட்டுப் பழகியிருந்ததால் அன்று விசாரிப்பதில் நேரம் போகவில்லை.

2023 அக்டோபரில் எச்சரிக்கைச் சோதனைக்காகத் தமிழ்நாட்டில் பலரின் செல்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அது குறுஞ்செய்தி இல்லை. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகும். லட்சம் பேருக்கு அனுப்பினால் வரிசையில் நிற்கும். இந்த முறையில் கோபுரம் யாருடைய எண்ணையும் தெரிந்துகொள்வதில்லை. வானொலி போல ஒரே ஒலிபரப்பு. அந்தக் கோபுரத்தின் கீழ் யார் இருந்தாலும் கேட்கும். காட்டுப்பாக்கத்தில் சென்ட்ரிங் வேலைக்கு வந்த ஒடிசாக்காரரின் செல்பேசியும் அலறும். அவர் படிக்கும் மொழியில் அலறுமா என்பது வேறு. கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் வேறு.

இதெல்லாம் வரப்போகும் வெள்ளத்தைச் சொல்லும் வழிகள். வந்துபோன வெள்ளத்தைச் சொல்ல நம்மிடம் ஏட்டில் ஒன்றுமில்லை. வீடு வாங்கும்போது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம். யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம், எப்போது மீட்டார் எல்லாம் வரும். அதே முப்பது ஆண்டில் அந்த மனையில் எத்தனை முறை தண்ணீர் நின்றது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. டெக்சாஸில் 2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்துக்குப் பிறகு, 2019-ல் சட்டத்தைத் திருத்தி, வீடு விற்பவர் வெள்ளம் பற்றி வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டியவற்றை விரிவாக்கினார்கள். நியூயார்க்கில் 2023 முதல் வாடகைதாரருக்கும் முன்பு வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே அப்படி ஒரு வரி கேட்டால் யார் எதிர்ப்பார்கள் என்று யோசித்தால் போதும். மனை போட்டவர் எதிர்ப்பார், புரோக்கர் எதிர்ப்பார். தவணை கட்டிக்கொண்டிருக்கும் நடுத்தரக் குடும்பமும் எதிர்க்கும்; விலை இறங்கிவிடுமே என்ற பயம் நியாயமானதுதான். கேட்பதற்கு ஆளாக மிஞ்சுவது வாடகைக்கு இருப்பவர். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தைப் பதிய ஒரு படிவம் இருக்கிறது. வாடகை எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு, இரு தரப்பின் ஆதார் எண் என்ன என்றெல்லாம் அது கேட்கும். தரைத்தளத்தில் 2015-லும் 2021-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்ற கேள்வியை அந்தப் படிவத்தில் சேர்க்கச் சொல்லலாம். பதில் எழுத வேண்டியவர் வீட்டுக்காரர், கீழே கையெழுத்துடன்.